பள்ளி "முடியாது" என்று சொன்னால் என்ன செய்வது? மாற்றுத்திறனாளி மாணவர்களின் பெற்றோருக்கு ஒரு முழு வழிகாட்டி

"எங்க ஸ்கூல்ல அதுக்கெல்லாம் வசதி இல்லைங்க. ஸ்பெஷல் ஸ்கூல்ல போட்டீங்கன்னா குழந்தைக்கே நல்லது."

ஆட்டிசம், மூளை முடக்குவாதம், பார்வைக் குறைபாடு, காது கேளாமை, டிஸ்லெக்சியா என எதுவாக இருந்தாலும் சரி, பெற்றோர் கேட்கும் முதல் பதில் பெரும்பாலும் இதுதான். கவனித்துப் பாருங்கள், இதை எந்தப் பள்ளியும் எழுதித் தராது. வாயால் சொல்வார்கள், காபி கொடுத்து அன்பாகச் சொல்வார்கள், "அடுத்த வருஷம் பார்ப்போம்" என்பார்கள், ஆனால் தாளில் வராது. எழுதிக் கொடுத்தால் அது சட்ட மீறலுக்கான ஆதாரம் என்பது அவர்களுக்கு நன்றாகவே தெரியும். அதனால் இந்த வழிகாட்டி முழுக்க நான் சொல்லப்போவது ஒன்றுதான்: எதையும் எழுத்தில் கேளுங்கள், தேதி போட்டுக் கேளுங்கள், பெற்றுக்கொண்டதற்கு ஒப்புகை வாங்குங்கள். சட்டம் ஓரளவு நம் பக்கம்தான் இருக்கிறது. அதைப் பயன்படுத்தத் தேவையான காகிதம்தான் பல பேரிடம் இருப்பதில்லை.

தமிழ்நாட்டுப் பெற்றோரை மனதில் வைத்து எழுதுகிறேன். மத்தியச் சட்டங்கள் எல்லா மாநிலங்களுக்கும் பொருந்தும், அலுவலகப் பெயர்கள் மட்டும் மாறும்.

முதலில், கையில் இருக்க வேண்டிய இரண்டு சட்டங்கள்

ஒன்று, மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016. 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறையில் இருக்கிறது. 1995-ஆம் ஆண்டின் பழைய சட்டம் 7 வகைக் குறைபாடுகளை மட்டும் ஏற்றது, இது 21 வகைகளை ஏற்கிறது. ஆட்டிசம், கற்றல் குறைபாடு, தசைச்சிதைவு, தலசீமியா, ஹீமோபீலியா எல்லாம் உள்ளே வந்தது இப்படித்தான்.

இதில் உங்களுக்கு வேண்டிய பிரிவுகள் அதிகமில்லை. பிரிவு 3 பாகுபாடு காட்டக் கூடாது என்கிறது. பிரிவு 16 பள்ளிகள் செய்ய வேண்டியதைச் சொல்கிறது: பாகுபாடின்றிச் சேர்க்கை, சாய்தளம், கழிவறை போன்ற வசதிகள், அந்தந்தக் குழந்தைக்கு ஏற்ற ஏற்பாடு, கற்றல் குறைபாட்டைச் சீக்கிரம் கண்டறிவது, போக்குவரத்து. அரசு நடத்தும் பள்ளி மட்டுமல்ல, அரசு அங்கீகாரம் பெற்ற பள்ளிகள் எல்லாமே இதில் அடக்கம். பிரிவு 17 தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், இரண்டாம் மூன்றாம் மொழி விலக்கு பற்றியது. பிரிவு 31, 40 சதவீதமோ அதற்கு மேலோ குறைபாடு உள்ள 6 முதல் 18 வயது வரையிலான குழந்தைக்கு இலவசக் கல்வி. அருகமைப் பள்ளியா சிறப்புப் பள்ளியா என்ற தேர்வு அந்தப் பிரிவின்படி குழந்தையுடையது. பள்ளி முதல்வருடையது அல்ல. "ஸ்பெஷல் ஸ்கூல்ல போடுங்க" என்பவருக்கு இந்த ஒரு வரி போதும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், பின்னால் ஏமாற்றமாக இருக்கக் கூடாது. பிரிவு 16, அரசு இதற்கெல்லாம் "முயல வேண்டும்" என்றுதான் தொடங்குகிறது. எதிர்த்தரப்பு வக்கீல்கள் அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொள்வார்கள். ஆகவே 16-ஐ மட்டும் காட்டாதீர்கள், கூடவே பிரிவு 2-இல் உள்ள பாகுபாடு என்பதன் விளக்கத்தையும் காட்டுங்கள். ஒரு குழந்தைக்குத் தேவையான நியாயமான ஏற்பாட்டை மறுப்பதே பாகுபாடு என்று அங்கே தெளிவாக இருக்கிறது.

இரண்டாவது, கல்வி உரிமைச் சட்டம், 2009. 2012-இல் செய்த திருத்தத்தில் மாற்றுத்திறனாளிக் குழந்தைகளும் வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவில் சேர்க்கப்பட்டார்கள். அதனால் தனியார் பள்ளியின் 25 சதவீத ஒதுக்கீட்டில் இவர்களுக்கும் உரிமை உண்டு. பிரிவு 13 சேர்க்கைக்காகக் குழந்தையையோ பெற்றோரையோ வடிகட்டும் தேர்வு, நேர்காணல் எதையும் தடை செய்கிறது. முதல் முறை மீறினால் 25,000 ரூபாய் வரை அபராதம், அடுத்தடுத்த ஒவ்வொரு மீறலுக்கும் 50,000. சிறுபான்மைப் பள்ளிகளுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்று 2014-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது, அதைக் காட்டி அனுப்பிவிடுவார்கள். அந்த இடத்தில் 2016 சட்டத்தை எடுங்கள். அதில் அப்படி ஒரு விலக்கு கிடையாது.

படி 1: சான்றிதழ், அடையாள அட்டை

மத்திய அரசின் சுவாவலம்பன் இணையதளத்தில் பதிந்தால் யூ.டி.ஐ.டி. எனும் மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கும் மருத்துவச் சான்றுக்கும் ஒரே விண்ணப்பம். ஆதார், போட்டோ, முகவரிச் சான்று போதும். வீட்டில் இணையம் இல்லையென்றால் இ-சேவை மையத்திலோ மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்திலோ செய்துகொள்ளலாம். அதன்பின் அரசு மருத்துவமனையில் மருத்துவக் குழு பார்க்கும். பழைய மருத்துவ அறிக்கைகள், தெரபி குறிப்புகள், பள்ளி நோட்டுகள் எல்லாவற்றையும் கொண்டுபோங்கள். கற்றல் குறைபாடு என்றால் நோட்டுப்புத்தகம்தான் முதல் சாட்சி. அட்டையில் 40 சதவீதத்துக்குக் கீழ் வெள்ளை, 40 முதல் 80-க்குள் மஞ்சள், 80-உம் அதற்கு மேலும் நீலம்.

சதவீதம் குறைத்துப் போட்டுவிட்டார்கள் என்று தோன்றினால் பிரிவு 59-இன்படி மேல்முறையீடு செய்யலாம். நிறையப் பேர் "டாக்டர் போட்டதுதான்" என்று விட்டுவிடுகிறார்கள், விட வேண்டியதில்லை.

இரண்டு சிக்கல்கள் அடிக்கடி வரும். டிஸ்லெக்சியா போன்ற கற்றல் குறைபாட்டுக்கு மிகச் சின்ன வயதில் சான்று தரமாட்டார்கள், பொதுவாக எட்டு வயதோ மூன்றாம் வகுப்போ ஆக வேண்டும். இன்னொன்று ஏ.டி.எச்.டி., அதாவது கவனக் குறைவும் மிகைத் துறுதுறுப்பும் சேர்ந்த நிலை. அது 21 வகைப் பட்டியலில் தனியாக இல்லை. பல குழந்தைகளுக்கு அதோடு கற்றல் குறைபாடும் சேர்ந்தே இருக்கும் என்பதால் இரண்டையும் சேர்த்துப் பரிசோதிக்கச் சொல்லுங்கள். முட்டுக்காட்டில் உள்ள பல்வகைக் குறைபாடுடையோருக்கான தேசிய நிறுவனம் மாதிரி இடங்களில் விரிவான மதிப்பீடு கிடைக்கும்.

அட்டை வரும்வரை சும்மா காத்திருக்காதீர்கள். "கார்டு இல்லாம எதுவும் கேட்க முடியாது", "40 பர்சன்ட் இருந்தாதான் சலுகை" என்று பள்ளியிலும் சொல்வார்கள், சொந்தக்காரர்களும் சொல்வார்கள். இலவசக் கல்வி, இட ஒதுக்கீடு, அரசு உதவித்தொகை போன்றவற்றுக்குத்தான் 40 சதவீதக் கணக்கு. பாகுபாடு காட்டாமல் சேர்ப்பதற்கும் வகுப்பறையில் நியாயமான ஏற்பாடு செய்வதற்கும் அந்த எல்லை கிடையாது. 2021 பிப்ரவரியில் விகாஷ் குமார் எதிர் யூ.பி.எஸ்.சி. வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத்தான் சொன்னது: எழுதுவதில் சிரமம் உள்ள ஒருவருக்கு 40 சதவீதம் இல்லை என்ற காரணத்தால் எழுதுபவரை மறுக்க முடியாது. இந்த வழக்கின் பெயரை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்.

படி 2: சேர்க்கை

25 சதவீத ஒதுக்கீட்டுக்கு விண்ணப்பிப்பதென்றால் கல்வித்துறையின் இணையதளத்தில் அறிவிப்பு வருகிறதா என்று ஏப்ரல் முதலே பார்த்துக்கொண்டிருங்கள். பள்ளியின் தொடக்க வகுப்பில்தான் இடம், பெரும்பாலும் எல்.கே.ஜி. மாற்றுத்திறனாளிக் குழந்தை என்ற வகையில் விண்ணப்பித்தால் வருமான வரம்பு கிடையாது, குறைபாட்டுச் சான்று போதும்.

நேரடிச் சேர்க்கை என்றால், பேச்சுவார்த்தைக்குப் போவதற்கு முன் விண்ணப்பப் படிவத்தைப் பூர்த்தி செய்து கொடுத்து ரசீது வாங்கிவிடுங்கள். விண்ணப்பமே கொடுக்காமல் மூன்று முறை பேசிவிட்டு வந்தால் பள்ளி நாளைக்கு "அவங்க அப்ளையே பண்ணலையே" என்று சொல்லிவிடும். குறைபாட்டை மறைத்துச் சேர்க்கலாமா என்று சிலர் கேட்பார்கள். வேண்டாம் என்பதுதான் என் கருத்து. நாளைக்கு ஏற்பாடு கேட்கும்போது "முன்னாடியே சொல்லலையே" என்று அதையே திருப்பிவிடுவார்கள்.

மறுத்தால் அன்றைக்கே ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். நீளமாக வேண்டாம், கோபமும் வேண்டாம்:

"இன்று காலை 11 மணிக்கு என் மகள் சேர்க்கை தொடர்பாகத் தங்களைச் சந்தித்தேன். பள்ளியில் வசதி இல்லை என்பதால் சேர்க்க இயலாது என்று தெரிவித்தீர்கள். நான் புரிந்துகொண்டது சரிதானா என்பதையும், மறுப்புக்கான காரணத்தையும் எழுத்துப்பூர்வமாகத் தெரிவிக்கக் கேட்டுக்கொள்கிறேன்."

அவ்வளவுதான். பதில் வந்தால் ஆதாரம். வராவிட்டாலும் நீங்கள் கேட்டதற்கு ஆதாரம். இந்த மின்னஞ்சல் போன மறுநாளே "வாங்க மேடம், பேசிக்கலாம்" என்று போன் வருவதும் உண்டு.

ஷேடோ டீச்சர், அதாவது வகுப்பில் குழந்தையுடன் கூடவே இருந்து உதவும் ஆள், அந்த விஷயம் தனி. "நீங்களே ஆள் வெச்சுக்கங்க, சம்பளமும் நீங்களே கொடுங்க, அப்படின்னா சேர்த்துக்கறோம்" என்பது தனியார் பள்ளிகளில் இன்று சாதாரணமாகிவிட்டது. 2016 சட்டத்தின் கீழ் 2017-இல் வந்த மத்திய விதிகளில் விதி 3-ஐப் பாருங்கள்: நியாயமான ஏற்பாட்டுக்கான செலவை, பகுதியாகவோ முழுதாகவோ, மாற்றுத்திறனாளியைக் கொடுக்கச் சொல்லி எந்த நிறுவனமும் கட்டாயப்படுத்தக் கூடாது. வேறு வழியில்லாமல் கொடுத்துக்கொண்டிருக்கும் பெற்றோரை நான் குறை சொல்ல மாட்டேன், குழந்தையின் ஒரு வருடம் வீணாவதைவிட அது மேல் என்று பலரும் முடிவெடுக்கிறார்கள். ஆனால் கொடுக்கும்போது ரசீதோடு கொடுங்கள், பள்ளியின் நிபந்தனையின் பேரில் கொடுக்கிறேன் என்று ஒரு வரி எழுதியும் அனுப்பிவிடுங்கள். சி.பி.எஸ்.இ. பள்ளி என்றால் சிறப்புக் கல்வியாளரை நியமிப்பது அந்த வாரியமே பள்ளிகளிடம் கேட்கும் விஷயம், "உங்கள் பள்ளியில் யார் அவர்?" என்று கேட்கலாம்.

படி 3: வகுப்பறைக்குள் என்ன வேண்டும் என்று எழுதுவது

சேர்த்தாகிவிட்டது, இனி நிம்மதி என்று நினைக்கும் இடத்தில்தான் உண்மையான வேலை தொடங்குகிறது. கடைசி பெஞ்சில் உட்காரவைத்து, கலர் பென்சில் கொடுத்து, மூன்று வருடம் அப்படியே ஓட்டிவிடுவதற்குப் பெயர் உள்ளடக்கிய கல்வி இல்லை.

குழந்தைக்கு என்று தனியாகக் கல்வித் திட்டம் எழுதுவதற்கு அமெரிக்காவில் இருப்பது போன்ற விரிவான சட்ட நடைமுறை இங்கே இல்லை. ஆனால் பிரிவு 16, தனிப்பட்ட ஆதரவும் வேண்டும், ஒவ்வொரு மாணவரின் முன்னேற்றத்தையும் கண்காணிக்கவும் வேண்டும் என்கிறது. அதை வைத்து நாமே கேட்கலாம். "என் பையனை நல்லா பாத்துக்கங்க" என்று கேட்டால் "பாத்துக்கறோம்" என்பதுதான் பதிலாக வரும். சரிபார்க்கக்கூடிய மாதிரி கேட்க வேண்டும். ஒரு மாதிரிக் கடிதம்:

பெறுநர்: தலைமையாசிரியர் அவர்கள்
பொருள்: மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016, பிரிவுகள் 3, 16, 17-இன்படி ஏற்பாடுகள் கோருதல் தொடர்பாக

ஐயா / அம்மா,
தங்கள் பள்ளியில் 6-ஆம் வகுப்பு படிக்கும் என் மகனுக்குக் குறைபார்வையும் எழுதுவதில் வேகக் குறைவும் உள்ளன. மருத்துவ அறிக்கை இணைக்கப்பட்டுள்ளது. அவனுக்குப் பின்வரும் ஏற்பாடுகளைச் செய்து தருமாறு கேட்டுக்கொள்கிறேன்: முதல் வரிசையில் இருக்கை, கரும்பலகையில் எழுதுவதை வாய்விட்டுப் படிப்பது, வினாத்தாளைப் பெரிய எழுத்தில் அச்சிட்டுத் தருவது, வகுப்புத் தேர்வுகளில் மணிக்கு 20 நிமிடம் கூடுதல் நேரம், மாதம் ஒருமுறை வகுப்பாசிரியருடன் முன்னேற்றம் பற்றிய சந்திப்பு. இவற்றில் எதையேனும் செய்ய இயலாதெனில் அதற்கான காரணத்தை எழுத்துப்பூர்வமாகத் தெரிவிக்க வேண்டுகிறேன்.
இப்படிக்கு, ...

இரண்டு பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் பள்ளி முத்திரையும் தேதியும் வாங்குங்கள். வாங்க மறுத்தால் ஸ்பீட் போஸ்டில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். கடைசி வரியைச் சும்மா சேர்க்கவில்லை. பாகுபாடு பற்றிப் புகார் வந்தால் ஒன்று நடவடிக்கை எடுக்க வேண்டும், இல்லையென்றால் தான் செய்தது ஏன் நியாயம் என்று எழுதித் தர வேண்டும். அரசு நிறுவனத் தலைவரும் 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் தனியார் நிறுவனத் தலைவரும் இதற்குக் கட்டுப்பட்டவர்கள் என்று அதே 2017 விதி 3 சொல்கிறது.

மாடி ஏற முடியாத குழந்தை என்றால் சாய்தளம் கட்டும்வரை காத்திருக்க வேண்டியதில்லை, அந்த வகுப்பையே தரைத்தளத்துக்கு மாற்றச் சொல்லுங்கள். காசு செலவில்லாத ஏற்பாட்டை மறுப்பதற்குப் பள்ளியிடம் காரணமே இருக்காது.

அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளி என்றால் உங்களுக்கு இன்னொரு கதவு இருக்கிறது: வட்டார வள மையம். ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் கீழ் சிறப்புப் பயிற்றுநர்களும் இயன்முறை மருத்துவரும் அங்கே இருப்பார்கள். மருத்துவ மதிப்பீட்டு முகாம், சக்கர நாற்காலி, காதொலிக் கருவி போன்ற உதவி உபகரணங்கள், போக்குவரத்துப் படி, துணையாள் படி, பள்ளிக்கே வர முடியாத குழந்தைக்கு வீட்டுவழிக் கல்வி எல்லாம் அந்த வழியில்தான் வரும். மாற்றுத்திறனாளி மாணவிகளுக்கு மாதம் 200 ரூபாய் வீதம் 10 மாதத்துக்கு ஊக்கத்தொகையும் உண்டு. இவை எல்லாவற்றுக்கும் அடிப்படை, கல்வித்துறையின் மாணவர் விவரத் தொகுப்பான எமிஸ் பதிவில் குழந்தையின் குறைபாடு சரியாகக் குறிக்கப்பட்டிருப்பது. தலைமையாசிரியரிடம் திரையைத் திறந்து காட்டச் சொல்லுங்கள்.

சிறப்புப் பயிற்றுநர் பத்து பள்ளிக்கு ஒருவர், மாதம் ஒருமுறைதான் வருகிறார் என்ற குறை நிறைய இடங்களில் உண்டு. தொடக்க நிலையில் 10 மாணவருக்கு ஒருவர், அதற்கு மேல் 15 மாணவருக்கு ஒருவர் என்ற விகிதத்தை 2021 அக்டோபரில் உச்ச நீதிமன்றமே இடைக்கால அளவாகச் சொல்லியிருக்கிறது. பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர்தான். அந்தக் கூட்டத்தில் இதைத் தீர்மானமாக எழுதவைத்தால், தனி ஆளாக அலுவலகம் அலுவலகமாக அலைவதைவிட வேகம் கூடும்.

படி 4: தேர்வுச் சலுகைகள்

பத்தாம் வகுப்பு டிசம்பரில் இதை நினைத்துக்கொண்டு ஓடுபவர்கள் அதிகம். ஒன்பதாம் வகுப்பு முடிவதற்குள் தொடங்கிவிடுங்கள்.

மாநிலப் பாடத்திட்டத்தில் குறைபாட்டின் தன்மையைப் பொறுத்து ஒரு மணி நேரம் கூடுதல், சொல்வதை எழுதுபவர், ஒரு மொழிப்பாட விலக்கு, தரைத்தள அறை போன்றவை கிடைக்கும். தலைமையாசிரியர் வழியாக விண்ணப்பம் அரசுத் தேர்வுகள் இயக்ககத்துக்குப் போய் ஆணையாகத் திரும்பி வர வேண்டும். அனுப்பிவிட்டோம் என்ற பேச்சை நம்பாமல் ஆணையின் நகலைக் கேட்டு வாங்குங்கள். சி.பி.எஸ்.இ.யில் மூன்று மணி நேரத் தேர்வுக்கு 60 நிமிடம் கூடுதல், இரண்டு மணி நேரத் தேர்வுக்கு 40 நிமிடம், எழுதுபவர் உண்டு, பத்தாம் வகுப்பில் இரண்டுக்குப் பதில் ஒரு மொழி மட்டும் எடுக்கலாம். அங்கே மாணவர் பதிவின்போதே விவரம் ஏற வேண்டும்.

மொழி விலக்கு கேட்கும் முன் கொஞ்சம் யோசியுங்கள். அது குழந்தையின் பாரத்தைக் குறைக்கும்தான், ஆனால் பின்னால் சில படிப்புகளும் வேலைகளும் அந்த மொழியைப் படித்திருக்க வேண்டும் என்று கேட்கலாம். கூடுதல் நேரமும் எழுதுபவரும் இருந்தால் எழுதிவிடுவான் என்றால் விலக்கை விட்டுவிடலாம். காது கேளாத குழந்தைகளுக்கு இரண்டு மொழிச் சுமை வேறு வகை, அங்கே விலக்கு பெரும்பாலும் நியாயமானது.

எழுதுபவரை வைத்துத் தேர்வு எழுதுவது தானாக வந்துவிடாது. "கமா போடு, அடுத்த பத்தி, அந்தப் படத்துக்குப் பேர் எழுது" என்று சொல்லிச் சொல்லிப் பழக வேண்டும், அதுவும் கணக்குப் பாடத்தில் மிகக் கடினம். காலாண்டுத் தேர்விலிருந்தே பள்ளி இதே ஏற்பாட்டைத் தர வேண்டும் என்று படி 3 கடிதத்தில் சேர்த்துவிடுங்கள்.

40 சதவீதத்துக்குக் கீழே இருந்து எழுதுவதில் சிரமம் என்றால், விகாஷ் குமார் தீர்ப்புக்குப் பின் மத்திய மாற்றுத்திறனாளிகள் துறை 2022 ஆகஸ்ட் 10 அன்று வெளியிட்ட வழிகாட்டுதல் இருக்கிறது. மணிக்கு 20 நிமிடக் கூடுதல் நேரமும் எழுதுபவரும் அதில் உண்டு. அரசு மருத்துவரின் சான்று குறிப்பிட்ட படிவத்தில் வேண்டும்.

படி 5: உதவித்தொகை

சுருக்கமாக. மாநில மாற்றுத்திறனாளிகள் நலத்துறை ஒன்றாம் வகுப்பிலிருந்தே கல்வி உதவித்தொகை தருகிறது. மாவட்ட அலுவலகத்தில் கேளுங்கள். மத்திய அரசின் உதவித்தொகை 9, 10-ஆம் வகுப்புக்கு ஒன்று, அதற்கு மேல் ஒன்று, தேசிய உதவித்தொகை இணையதளத்தில் விண்ணப்பம், குடும்ப ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்குள். வங்கிக் கணக்கோடு ஆதார் இணைக்காததால் நின்றுபோகும் விண்ணப்பங்கள் நிறைய, அதை முதலில் சரிபாருங்கள்.

படி 6: புகார்

வரிசையாகப் போங்கள், ஆனால் ஒவ்வொரு இடத்திலும் மாதக்கணக்கில் உட்காராதீர்கள். பள்ளிக்கு எழுதி 15 நாள் பாருங்கள். அப்புறம் அரசுப் பள்ளி என்றால் வட்டார அல்லது மாவட்டக் கல்வி அலுவலர், தனியார் என்றால் தனியார் பள்ளிகளுக்கான மாவட்டக் கல்வி அலுவலர், மேலே முதன்மைக் கல்வி அலுவலர். நகல் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலருக்கு. திங்கள்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுத்தால் ஒரு எண் கிடைக்கும், அந்த எண்ணுக்காகவே போகலாம். போனில் கேட்க வேண்டுமானால் கல்வித்துறையின் 14417, முதல்வரின் உதவி மைய எண் 1100.

அசையவில்லை என்றால் சென்னையில் உள்ள மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையர். வெள்ளைத்தாளில் எழுதினால் போதும், கட்டணமில்லை, வக்கீல் தேவையில்லை. ஆட்களை அழைக்கவும் ஆவணங்களை வரவழைக்கவும் சிவில் நீதிமன்றத்துக்குள்ள அதிகாரம் அவருக்கு உண்டு. பாகுபாடு பற்றிய புகாரை 60 நாளில் முடிக்க வேண்டும் என்பது மத்திய விதி. அவர் தருவது பரிந்துரைதான் என்பது இதன் பலவீனம். ஆனால் சம்பந்தப்பட்ட அதிகாரி அதன்மேல் நடவடிக்கை எடுத்து மூன்று மாதத்துக்குள் தெரிவிக்க வேண்டும், அந்த ஆணை கையில் இருந்தால் உயர் நீதிமன்றத்தில் வழக்கின் எடையே வேறு. சி.பி.எஸ்.இ., தேசியத் தேர்வு முகமை போன்ற மத்திய அமைப்புகள் மீதான புகார் டெல்லியில் உள்ள தலைமை ஆணையருக்குப் போக வேண்டும்.

சட்டத்தை மீறினால் முதல் முறை 10,000 ரூபாய் வரை அபராதம், மறுபடி மீறினால் 50,000 முதல் 5 லட்சம் வரை. பிறர் முன்னிலையில் குழந்தையை வேண்டுமென்றே இழிவுபடுத்திப் பேசினால் அது பிரிவு 92-இல் குற்றம், 6 மாதம் முதல் 5 ஆண்டு வரை சிறை. இந்தப் பிரிவை முதல் கடிதத்திலேயே காட்டி மிரட்டாதீர்கள், குழந்தை தினமும் அதே வகுப்புக்குத்தான் போக வேண்டும்.

நீதிமன்றம் போக நேர்ந்தால் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு இலவசமாக வக்கீல் தரும். மாற்றுத்திறனாளிக்கும் குழந்தைக்கும் பெண்ணுக்கும் வருமான வரம்பு பார்ப்பதில்லை. எண் 15100. தகவல் கேட்க வேண்டுமென்றால் 10 ரூபாயில் தகவல் அறியும் உரிமை மனு, 30 நாளில் பதில். "எங்கள் வட்டாரத்தில் சிறப்புப் பயிற்றுநர்கள் எத்தனை பேர், என் குழந்தையின் பள்ளிக்கு எந்தெந்தத் தேதிகளில் வந்தார்கள்" என்று கேட்டுப் பாருங்கள், பல நேரம் அந்தக் கேள்வியே வேலையை நகர்த்திவிடும்.

பிளஸ் டூ முடிகிறது என்றால்

அரசு, அரசு உதவி பெறும் உயர்கல்வி நிறுவனங்களில் 40 சதவீதமோ அதற்கு மேலோ குறைபாடு உள்ளவர்களுக்கு 5 சதவீத ஒதுக்கீடும், வயது வரம்பில் 5 ஆண்டு தளர்வும் பிரிவு 32-இல் இருக்கின்றன. பொறியியல் கலந்தாய்வில் சிறப்புப் பிரிவுக்குத் தனிச் சுற்று முன்னதாகவே நடந்துவிடும், பொதுச் சுற்றுத் தேதியைப் பார்த்துக்கொண்டிருந்தால் தவறிவிடும். மருத்துவப் படிப்பில் ஒரு குறிப்பிட்ட சதவீதம் தாண்டிவிட்டது என்ற காரணம் மட்டுமே காட்டி ஒருவரைத் தகுதியற்றவர் என்று ஒதுக்க முடியாது, அவரால் படிக்க முடியுமா என்று மதிப்பிட வேண்டும் என்று 2024 அக்டோபரில் ஓம்கார் கோண்ட் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

நீட், ஜே.இ.இ. விண்ணப்பத்தில் கூடுதல் நேரத்துக்கும் எழுதுபவருக்கும் உள்ள கட்டத்தை டிக் செய்யாமல் விட்டால் தேர்வு மையத்தில் யாரும் கேட்க மாட்டார்கள். டிக் செய்திருந்தும் மையத்தில் மறுத்த கதை உண்டு. 2021 நீட் தேர்வில் எழுத்துக் குறைபாடுள்ள ஒரு மாணவிக்குக் கூடுதல் ஒரு மணி நேரம் மறுக்கப்பட்டு, விஷயம் உச்ச நீதிமன்றம் வரை போனது. தேர்வு நாளில் யூ.டி.ஐ.டி. அட்டை, உரிய படிவத்தில் சான்று, அந்தத் தேர்வின் தகவல் குறிப்பேட்டில் கூடுதல் நேரம் பற்றிச் சொல்லும் பக்கத்தின் அச்சுப்பிரதி, இந்த மூன்றையும் அனுமதிச் சீட்டோடு சேர்த்துப் பின் செய்து கொடுத்தனுப்புங்கள்.